நடுவர் மேசைக்கு ஆள் தேவை

மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பரிசு பெற்றுவிட்டால், அச்செய்தி ஒரே இரவில் எல்லா வாட்ஸ்அப் குழுமங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. மாஷா அல்லாஹ் என்று வாழ்த்துகள் குவிகின்றன. மஹல்லாவில் பாராட்டு விழா ஏற்பாடாகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது. மகிழ வேண்டிய செய்திதான், மகிழ்கிறோம். ஆனால் அப்பிள்ளைகள் போட்டியிட்ட அந்த ஒரு நாளை நடத்திக் கொடுத்தவர்கள் யார்? விடிந்தும் விடியாத வேளையில் வந்து மேசைகளை விரித்தவர் யார்? புள்ளித்தாளைக் கையில் பிடித்து மாலை வரை நின்றவர் யார்? இவற்றைக் கேட்பார் இல்லை. அவர்களுள் நம்மவர் எத்தனை பேர் என்ற கேள்வியோ எழுவதே இல்லை. அதைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறோம்.

பல நாடுகளில் நடைபெறுவதும், இப்பக்கத்தின் வாசகர் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் அறிமுகமானதுமான ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989ஆம் ஆண்டு நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளைக் கொண்டு தன் முதல் போட்டியை நடத்தியது. அது மேல்வகுப்பு மாணவர்களுக்கானது. சிறுவர்களுக்கான லெகோ லீக் 1998இல் உருவாயிற்று. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, சவூதி அரேபியா, அமெரிக்கா எனத் தமிழ் முஸ்லிம்கள் வாழும் நாடுகள் பலவற்றிலும் அதன் மண்டலப் போட்டிகள் நடந்து வந்துள்ளன.

அறியாதோர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும். 2022-23இல் ஆற்றல், 2023-24இல் கலை, 2024-25இல் கடல். அக்கருப்பொருளை ஒட்டிய லெகோ மாதிரிகள், ஏறத்தாழ எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடைய மேசையில் பொருத்தப்பட்டிருக்கும். பிள்ளைகள் தாமே கட்டி, தாமே நிரல் எழுதிய ரோபோ, இரண்டரை நிமிடத்திற்குள் தானாக ஓடி, அம்மாதிரிகளைத் தள்ளியும் தூக்கியும் திருப்பியும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் கருவிக்கு இடமில்லை. இவ்வளவும் மதிப்பெண்ணில் கால் பங்குதான். கருப்பொருளில் ஒரு சிக்கலைக் கண்டறிந்து தீர்வு சொல்லும் ஆய்வுக்குக் கால் பங்கு, ரோபோவை வடிவமைத்த முறையை விளக்குவதற்குக் கால் பங்கு, அணியாக இணைந்து நடந்துகொண்ட பாங்கிற்குக் கால் பங்கு. (கடல் கருப்பொருளாக இருந்த ஆண்டில் காயல்பட்டினத்துப் பிள்ளைகளும் கீழக்கரைப் பிள்ளைகளும் எவ்வளவு சொல்லியிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறோம். மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களின் வழிவந்தோருக்குக் கடல் பாடநூலில் படித்துத் தெரிய வேண்டிய பொருளா என்ன!)

இத்தகைய போட்டிக்கு 24 அணிகள் வருவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். மதிப்பீட்டு அறையில் ஓர் அணிக்கு அரை மணி நேரம் வேண்டும். இடைவெளியும் கலந்தாய்வும் சேர்த்தால் ஒரு முற்பகலில் ஓர் அறைக்கு நான்கு அணிகள்தாம் முடியும். ஆக ஆறு அறைகள், அறைக்கு இருவர், மொத்தம் பன்னிருவர். களத்தில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஓட்டங்கள், மொத்தம் 72. மேசைதோறும் ஒரு நடுவர், அவர்களுக்கு மேல் தலைமை நடுவர், ஓட்டம் முடிந்ததும் மாதிரிகளைப் பழைய நிலைக்குத் திருப்புவோர், அணிகளை நேரத்திற்கு வரிசைப்படுத்தி அழைத்து வருவோர், புள்ளிகளைக் கணினியில் ஏற்றுவோர், வாயிலில் பதிவு செய்வோர், உணவு, தண்ணீர், முதலுதவி, ஒலிபெருக்கி. எண்ணி முடிப்பதற்குள் முப்பது பேரைத் தாண்டிவிடுகிறோம். இவர்களுக்குக் கூலி கிடையாது. பகல் உணவும் ஒரு பனியனும் கிடைக்கும்.

இப்பணிகளுள் நடுவர் பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ரோபோ மேசையின் நடுவே சிக்கிக்கொண்டு சுழலும். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று பதறிப் போய் அதைக் கையால் பிடித்துத் தூக்கிவிடும். அப்படித் தூக்கினால் நடுவர் மேசையிலிருந்து ஒரு சிறு வில்லையை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் ஆறு வில்லைகள் இருக்கும். ஆறும் மிஞ்சினால் 50 புள்ளிகள். ஐந்து மிஞ்சினாலும் அதே 50 தான். முதல் தடுமாற்றம் மன்னிக்கப்படுகிறது. நான்கு மிஞ்சினால் 35, மூன்று என்றால் 25, இரண்டு என்றால் 15, ஒன்று மட்டும் என்றால் 10. வில்லையை எடுக்கும்போது அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடுக்க வேண்டியிருக்கும். இரக்கப்பட்டு எடுக்காமல் விட்டால், பக்கத்து மேசையில் ரோபோவைத் தொடாமல் பொறுமை காத்த பிள்ளைக்கு அநீதி இழைத்தவராவார்.

நேரம் முடிந்ததும் நடுவரும் பிள்ளைகளும் மேசையின் மேல் ஒருசேரக் குனிகிறார்கள். மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இது கோட்டைத் தொடுகிறதா, இது முழுதும் உள்ளே விழுந்ததா, இந்த நெம்புகோல் போதிய அளவு சாய்ந்ததா என்று பேசி முடிவு செய்கிறார்கள். நடுவருக்கு உறுதியாகத் தெரியாதபோது ஐயத்தின் பயன் அணிக்கே போகும் என்பதும் விதிதான். பிள்ளைகள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே புள்ளித்தாள் நகரும். கூடத்தின் ஓரத்தில் நிற்கும் தந்தையோ பயிற்சியாளரோ இதில் வாய் திறக்க இடமில்லை. ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் சமமாக நின்று, கண்முன் இருப்பதை மட்டும் சாட்சியாக வைத்து உண்மையைத் தீர்மானிக்கும் இக்காட்சியை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை முறை காண முடிகிறது?

மாதிரிகளைத் திருப்பி வைப்பவரின் வேலை வெறும் எடுபிடி வேலை என்று தோன்றலாம். ஒரு நெம்புகோலை அவர் அரை விரற்கடை தள்ளி வைத்துவிட்டால் அடுத்த அணியின் ஆறு மாத உழைப்பு அவ்விடத்தில் தவறிவிடும். ஏன் தவறியது என்று அப்பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்னும் அத்தியாயம் இருக்கிறது. கடைத்தெருவை நினைத்தே அதை ஓதிப் பழகியிருக்கிறோம். பிள்ளைகளின் உழைப்பை அளக்கும் மேசையும் ஒரு தராசுதான். அதைப் பிடிக்கும் கையில் ஓர் அமானிதம் இருக்கிறது.

மதிப்பீட்டு அறைக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. எங்கள் கருத்தில், இப்போட்டிகளில் நீதி நிற்பதும் வீழ்வதும் அங்கேதான். வெளிப்படையாகப் பேசுவோம். ரோபோத் தொகுப்பு ஒன்றின் விலை பல குடும்பங்களின் ஒரு மாத வருமானம். வாங்க முடிந்தவர்கள் தொகுப்போடு பயிற்சியாளரையும் அமர்த்திக்கொள்கிறார்கள். சில இடங்களில் ரோபோவைக் கட்டுவதும் நிரலை எழுதுவதும் பயிற்சியாளரே, பிள்ளையின் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும் என்றாகிவிடுகிறது. அரசுப் பள்ளியிலிருந்தோ சிற்றூர் ஒன்றின் மதரஸாவோடு இணைந்த பள்ளியிலிருந்தோ வரும் அணியிடம் ஒரே ஒரு தொகுப்பு, அதுவும் இரவல் வாங்கியதாக இருக்கும். அவர்களின் ரோபோ அழகாக இராது. மூன்றில் இரண்டு ஓட்டங்களில் சறுக்கவும் செய்யும். களத்துப் புள்ளியை மட்டும் பார்த்தால் இவ்விரு அணிகளுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு தெரியாது.

அது தெரியும் இடம் மதிப்பீட்டு அறை. பயிற்சியாளர் உள்ளே அமர்ந்திருக்கலாம், பேசக் கூடாது. “இந்தச் சக்கரத்தை ஏன் மாற்றினீர்கள்?” என்று ஒரு மதிப்பீட்டாளர் அமைதியாகக் கேட்கிறார். தானே மாற்றிய பிள்ளைக்கு அதற்குள் ஒரு கதையே இருக்கும்: பழைய சக்கரம் வழுக்கியது, பல முறை ஓட்டிப் பார்த்தோம், தம்பி ஒரு யோசனை சொன்னான், முதலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றாத பிள்ளை பயிற்சியாளரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். மேடைப் பேச்சில் தடுமாறும் பிள்ளையைப் பொறுமையாகப் பேச வைக்கவும், மனப்பாடமாகப் பொழியும் பிள்ளையைக் கனிவோடு நிறுத்தி அடுத்த கேள்வியைக் கேட்கவும் தெரிந்த ஒருவர் அந்நாற்காலியில் இருந்தால்தான் ஏழை அணிக்கு நீதி கிடைக்கும். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளையிடம் “தமிழிலேயே சொல்லம்மா” என்று சொல்லி, அதை மற்ற மதிப்பீட்டாளருக்கு எடுத்துரைக்கக்கூடிய ஒருவர் சென்னையில் நடக்கும் போட்டிக்கும் தேவைதான். அப்படி ஒருவர் இல்லாத அறையில் பளபளப்பே வெல்லும்.

ஆகவேதான் சொல்கிறோம்: இப்போட்டிகளுக்கு நன்கொடையாளரைவிட, தலைமை விருந்தினரைவிட, நேர்மையும் பொறுமையும் கொண்ட தன்னார்வலர்களே அரிய பொருள். கல்வி நிதிக்குக் கொடுக்கும் கைகள் நம்மிடம் இருக்கின்றன. அல்லாஹ் அவற்றில் பரக்கத் செய்வானாக. இரண்டு சனிக்கிழமைகளைக் கொடுக்கும் கைகளைத்தான் காணவில்லை.

தொண்டு நமக்குப் புதிதன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தன. கொரோனாக் காலத்தில் உறவினரே அஞ்சி விலகிய உடல்களை அவரவர் சமயமுறைப்படி நல்லடக்கமும் தகனமும் செய்ய நம் தொண்டர்கள் முன்வந்தார்கள். அத்தகைய சமுதாயம் ஒரு பள்ளிக்கூடக் கூடத்திற்கு வரத் தயங்குவது ஏன்? பேரிடர் நம்மை உலுக்கி எழுப்புகிறது. அங்கே தேவைப்படுவது துணிவும் உடல் உழைப்பும். போட்டித் தொண்டு வேறு வகை. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும், விதிநூலைப் படிக்க வேண்டும், இணையவழிப் பயிற்சியை முடிக்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்பட வேண்டும். கண்ணீரோ கைதட்டலோ இல்லாத இந்தத் திட்டமிட்ட தொண்டு நமக்கு இன்னும் பழக்கத்திற்கு வரவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

இன்னொரு பழக்கமும் தடையாக நிற்கிறது. அறிவியல் நிகழ்ச்சி என்றாலே அல்ஜஸரியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவோம். 1206ஆம் ஆண்டு அவர் நிறைவு செய்த நூல், யானைக் கடிகாரம், தானாக இயங்கும் பொறிகள் என்று மேடையில் முழங்குவோம். பெருமை நியாயமானதே. ஆனால் அந்நூலின் சிறப்பு, கருவிகளைச் செய்து காட்டியதோடு நில்லாமல், மற்றொரு கைவினைஞர் செய்யத்தக்க வகையில் உறுப்புகளையும் அளவுகளையும் செய்முறையையும் அவர் விளக்கியதில் இருக்கிறது. அடுத்தவர் கைக்குத் திறனைக் கடத்தும் வேலையைச் செய்தார் அவர். நாமோ அவருடைய படத்தைப் பதாகையில் அச்சிட்டுவிட்டு விருந்தினர் வரிசையில் அமர்கிறோம்.

சகோதரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பொறியியலும் கணினி அறிவியலும் படித்துப் பட்டம் பெற்று, திருமணத்திற்குப் பின் பணிக்குச் செல்லாதிருக்கும் பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தத்தம் உறவினர் வட்டத்தில் எண்ணிப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே கேட்கும் இப்பணி அவர்களின் படிப்புக்குப் பொருந்தியது, அவர்களின் பொறுமைக்கு அதைவிடப் பொருந்தியது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்பது அப்போட்டியின் பிள்ளைப் பாதுகாப்பு நெறி. நாம் வீட்டில் பேணும் ஒழுங்கிற்கு அது அந்நியமானதன்று. பொறுப்பில் பெண்கள் இருக்கும் கூடத்திற்கு மகளை அனுப்பத் தந்தையரும் தயங்குவதில்லை.

2017 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் என்னும் பன்னாட்டு மாணவர் ரோபோ போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹிராத் நகரிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. அவர்களுக்கு விசா இருமுறை மறுக்கப்பட்டது. ரோபோ உதிரிப் பொருள்கள் சுங்கத்தில் நெடுநாள் முடங்கிக் கிடந்தன. இறுதியில் அனுமதி கிடைத்து வந்து, துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார்கள். அம்மாணவியரின் படத்தை ஆர்வமாகப் பகிர்ந்த நம் குடும்பங்களில், பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் நடக்கும் மண்டலப் போட்டிக்கு மகளை அனுப்ப யோசிக்கும் வீடுகளும் உண்டு. அவ்வீடுகளை நாம் குறை கூறவில்லை. அங்கே தெரிந்த முகம் ஒன்று பொறுப்பில் இருக்கிறது என்றால் அந்த யோசனை நீங்கிவிடும் என்கிறோம்.

தொழுகை நேரம் குறித்த மனக்குறையையும் அடிக்கடி கேட்கிறோம். பகல் உணவு இடைவேளை லுஹருக்குப் போதவில்லை, பரிசளிப்பு அஸர் நேரத்தை விழுங்கிவிட்டது, ஒளூ செய்ய இடமில்லை, வெள்ளிக்கிழமையில் வைத்துவிட்டார்கள் என்பவை அவை. உண்மைதான். ஆனால் நிரல் அச்சாகி அணிகளுக்குப் போய்ச் சேர்ந்த பின் முறையிட்டு என்ன பயன்? 72 ஓட்டங்களையும் ஆறு அறைகளையும் ஒன்றோடொன்று கோத்து அமைத்த கால அட்டவணையில் ஓர் ஓட்டத்தை நகர்த்தினால் பத்து இடங்களில் இடிக்கும். அட்டவணை வரையப்படும் மேசையில் நம்மவர் ஒருவர் இருந்தால், இடைவேளையை இருபது நிமிடம் நீட்டுவதும் ஒரு வகுப்பறையைத் தொழுகைக்கு ஒதுக்குவதும் ஒரே பேச்சில் முடியக்கூடியவை.

இது வருங்காலத்தில் இன்னும் முக்கியமாகப் போகிறது. பல நாடுகளில் இம்மண்டலப் போட்டிகள் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை நடப்பவை. ரமளானோ ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னோக்கி வருகிறது. 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கும் நோன்பு, 2028இல் ஜனவரி இறுதிக்கும் 2030இல் ஜனவரி தொடக்கத்திற்கும் வந்துவிடும். அதாவது இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளியை முடிக்கும் வரை, போட்டிப் பருவமும் நோன்பும் மோதிக்கொண்டே இருக்கும். நோன்பு நோற்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அணியை மாலை நான்கு மணிக்கு மதிப்பீட்டு அறைக்கு அழைப்பதும், காலை ஒன்பதரைக்கு அழைப்பதும் ஒன்றல்ல. இதைக் கேட்பதற்குச் சலுகை என்று பெயரில்லை. வெகுதொலைவிலிருந்து வரும் அணியைப் பிற்பகலில் வைப்பது போன்ற ஒழுங்குதான். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒருவர் வேண்டும். அவர் ஆண்டு முழுதும் உழைக்காமல் ரமளானில் மட்டும் வந்து கேட்பவராக இருக்கக் கூடாது.

ரோபோவைப் பற்றி எதுவும் தெரியாதே என்று தயங்குவோர் வரிசைப்படுத்தும் பணியில் தொடங்கலாம். கையில் அட்டவணையோடு ஓர் அணியை அதன் இடத்திலிருந்து அழைத்து வந்து சரியான மேசையில் நிறுத்துவதுதான் அவ்வேலை. நாள் முழுதும் நடக்க வேண்டும், நூறு பிள்ளைகளின் பதற்றத்தையும் சிரிப்பையும் அருகிருந்து பார்க்கலாம். அடுத்த ஆண்டு மாதிரிகளைத் திருப்பி வைக்கும் பணி. அதற்குள் விதிகள் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும். அதற்கடுத்த ஆண்டு நடுவர் மேசை. ஆசிரியராகவோ பொறியாளராகவோ இருப்போர் நேரே மதிப்பீட்டு அறைக்கே போகலாம். பருவம் ஆகஸ்டு மாத அளவில் தொடங்கும். அப்போதே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதுவது நல்லது. தனியாகச் செல்லாமல் மஹல்லாவிலிருந்து நால்வராகச் சேர்ந்து போனால் பயணமும் எளிது, தொழுகை ஜமாஅத்தும் கிடைத்துவிடும்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. நம் பிள்ளையே போட்டியிடும் ஆண்டில் நாம் தொண்டாற்றலாமா? ஆற்றலாம். ஆனால் உறவையும் பழக்கத்தையும் ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மகன் மட்டுமல்ல, தம்பி மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளை, நாம் டியூஷன் எடுக்கும் மாணவர் எல்லாரும் இதில் அடக்கம். அந்த அணி வேறு அறைக்கு மாற்றப்படும், அல்லது நம்மை வாயில் பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அமர்ந்து வருவோரின் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது, உள்ளே கூடத்திலிருந்து வரும் ஆரவாரம் நம் பிள்ளையின் ஓட்டத்திற்கா, வேறு பிள்ளையின் ஓட்டத்திற்கா என்று தெரியாது. எட்டிப் பார்க்க எழுந்துவிட வேண்டாம், வாயிலில் அடுத்த அணி நின்றுகொண்டிருக்கும்.